அவசரமாய்ப் புறப்பட்ட அரசி

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பியச் சதுரங்கத்தில் அரசி வலுவற்றவள். மூலைவாக்கில் ஒரு கட்டமே நகர்வாள். பின்னரே எத்திசையிலும் நெடுந்தொலைவு பாயும் ஆற்றல் அவளுக்கு வாய்த்தது. ஆட்டம் விரைவு பெற்றது. அவளை உடனே களத்தில் இறக்கும் ஆசையும் பிறந்தது.

அவ்வாசைக்குச் சான்று, இத்தாலியரான கிரேக்கோ (1600–1634) ஆராய்ந்த ஒரு தொடக்கம். வெள்ளைக் குதிரை தாக்கும் நடுச் சிப்பாயைக் காவாமல், கறுப்பு தன் அரசனைக் காக்கும் பக்கச் சிப்பாயை இரு கட்டம் தள்ளுகிறது. குதிரை நடுச் சிப்பாயை வெட்டியதும், மூன்றாம் நகர்விலேயே அரசி வெளியேறுகிறாள். கார்லிஸ் பேட்டின்ஷ் (1867–1943) முதலிய லாட்வியர் இதனை ஆய்ந்தமையால் 'லாட்விய கேம்பிட்' என்னும் பெயர் நிலைத்தது.

ஆயினும் இதன் அடித்தளம் பழுதானது. வெள்ளை பதறாமல் குதிரையைப் பின்வாங்கி, மற்றொரு குதிரையையும் கொணர்ந்தால், அரசி மீண்டும் இடம்பெயர நேரும்; அவளுடைய படையோ இன்னும் புறப்படவில்லை. எனினும் 1955இல் அமெரிக்காவின் லிங்கன் நகரில், பன்னிரண்டு வயது பாபி பிஷர் இதே தொடக்கத்தில் விக்டர்ஸ் பூபோல்ஸிடம் தோற்றார்.

ஐந்து நிமிட ஆட்டங்களில் நாமும் இதனால் வென்று மகிழ்ந்ததுண்டு. பழுதைக் காண நேரம் வேண்டும்; அந்நேரம் எதிராளிக்கு இல்லை. அவ்வெற்றிகளில் பல நம்முடையவை அல்ல, கடிகாரத்தினுடையவை. நிதானமான ஒருவர் எதிரே அமரும் நாளில் அவ்வுண்மையை நாம் அறிகிறோம்.