கிரகண மூளி: ஒரு சொல்லும் பதினைந்து எண்களும்

2025 செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம். எங்க சுங்குவார்சத்திரத்துல, கம்பெனி ஷிப்ட் முடிச்சு வந்த கர்ப்பிணிப் பெண்கள்கிட்டயும் பெரியவங்க சொன்னது பழைய பாட்டுதான்: வெளியே வராதே, கத்தியைத் தொடாதே. மீறினா பிள்ளை 'கிரகண மூளி'யா பிறக்குமாம். மூளி என்றால் உறுப்பு குறைபட்டது. இன்றைக்கு அந்தச் சொல்லின் கதையைப் பார்ப்போம்.

உதடு பிளந்தாலும், அண்ணம் பிளந்தாலும், பிளவு கன்னம் வழியா கண் வரைக்கும் ஓடினாலும் அந்த ஒரே பெயர்தான். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் கிரகணத்தைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் அங்கே கர்ப்பிணிகள் காவலுக்கு வயிற்றின்மேல் கத்தியை வைத்துக்கொண்டார்கள்! இங்கே ஆகாதது அங்கே காப்பு.

உண்மையில் நடப்பது என்ன? கருவில் முகம் தனித்தனி மேடுகளாகத் தோன்றி, 4 முதல் 8 வாரத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. அண்ணம் 12ஆம் வாரவாக்கில் மூடிவிடும். ஒட்டாமல் போன இடம்தான் பிளவு. ஆறாம் மாசம் வந்த கிரகணத்துக்கு இதுல என்ன வேலை? மரபணு, சில மருந்துகள், புகை என்று காரணங்கள் பல. பல குழந்தைகளுக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது.

அரிய முகப்பிளவுகளுக்கு ஒழுங்கு தந்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் டெசியே. 1976இல், கண்குழியை மையமாக வைத்து 0 முதல் 14 வரை எண் கொடுத்தார். 7 என்றால் வாயோரத்திலிருந்து காதை நோக்கிப் போகும் பிளவு. 4 என்றால் மேலுதட்டிலிருந்து கன்னம் வழியாகக் கீழிமைக்கு. எண்ணைச் சொன்னதும், உள்ளே எந்த எலும்பைப் பார்க்கணும் என்று மருத்துவருக்குப் புரியும். கீழிமை பிளந்திருந்தா கருவிழி காயாமல் முதல் நாளிலிருந்தே காக்கணும், அறுவை அப்புறம்தான்.

அதைவிட அவசரம் பால். அண்ணம் பிளந்த குழந்தையால உறிஞ்ச முடியாது. நிமிர்த்திப் பிடித்து, பிழிந்தெடுத்த தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டணும். எடை ஏறினால்தான் அறுவை. உதட்டுக்குப் பொதுவாக 3 மாதம் தாண்டி, அண்ணத்துக்கு ஒரு வயதையொட்டி.

2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டம், பிறவியிலேயே தேடிக் கண்டறிய வேண்டிய குறைகளில் உதடு, அண்ணப் பிளவையும் சேர்த்தது. அந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. 'நீ அன்னைக்கு வெளியே போனியா?' என்று அவளைக் கேட்பதை விட்டு, 'பிள்ளை பால் குடிச்சுதா?' என்று கேட்போம். அடுத்த பகுதியில் சந்திப்போம்.