புகைக்குழாய் உண்டு, உறுமல் இல்லை

கரூர்க்காரன் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் ஒரு பழக்கம் மட்டும் கூடவே வரும். பஸ்ஸைப் பார்த்தால் கண் தானாக நிற்கும். பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் ஆயிற்றே! வெறும் சேசிஸை, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் ஓட்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பி.காம். படித்து பேங்க்கில் சேர்ந்தாலும் அந்தக் கண் மாறவில்லை. இப்போது நவி மும்பை வாசம்.

இங்கே ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு ஒரு பொழுதுபோக்கு: வருகிற பஸ் எதைக் குடித்து ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. டீசல் என்றால் நிற்கும்போதே ஜன்னல் கண்ணாடி தடதடக்கும். மின்சார பஸ்ஸுக்குப் புகைக்குழாயே கிடையாது; நம்பர் பிளேட்டும் பச்சை, அதில் மஞ்சள் எழுத்து. 2018-ல் வந்த விதி இது. நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது பாருங்கள், அதுதான் ஹைப்ரிட். புகைக்குழாய் இருக்கும், பிளேட்டும் சாதாரண மஞ்சள்தான். ஆனால் ஸ்டாப்பில் நிற்கும்போது சத்தமே வராது. மெதுவாக நகரும், கொஞ்சம் வேகம் பிடித்த பிறகுதான் டீசல் என்ஜின் தூக்கம் கலைந்து எழும்.

நவி மும்பை மாநகராட்சியின் பஸ் சேவை (என்.எம்.எம்.டி.) 23 ஜனவரி 1996-ல் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் மும்பையின் 'பெஸ்ட்' முதல் பஸ்ஸை ஓட்டியது 1926-ல். வயதில் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் 2016-ல் ஐந்து வால்வோ ஹைப்ரிட் பஸ்களை இறக்கி, பேரன் தாத்தாவை முந்திவிட்டான். 2018 மார்ச்சில்தான் மும்பை பாந்திரா - குர்லா வளாகத்துக்கு 25 டாடா ஹைப்ரிட் பஸ்கள் வந்தன. வாங்கியது மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம், ஓட்டியது பெஸ்ட்.

வேலை செய்யும் விதம் எளிது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மோட்டார் பிடித்து பேட்டரியில் சேர்த்து வைக்கும். மறுபடி கிளம்பும்போது அதையே செலவழிக்கும். நாளெல்லாம் நின்று நின்று போகிற டவுன் பஸ்ஸுக்கென்றே செய்த மாதிரி ஏற்பாடு.

சாலையில் மின்சாரம் ஓடுவது இங்கே புதிதும் அல்ல. மும்பையில் 1907 முதல் 1964 வரை மின்சார டிராம் ஓடியது. 1962 முதல் 1971 வரை டிராலி பஸ்ஸும் இருந்தது. நம்ம சென்னை இன்னும் மூத்தது: 1895-லேயே மின்சார டிராம், 1953-ல் நின்றது. தண்டவாளமும் கம்பியும் இல்லாமல் எந்தத் தெருவுக்குள்ளும் நுழைய முடிந்ததால் டீசல் ஜெயித்தது.

அப்படியானால் ஹைப்ரிட் ஏன் பெருகவில்லை? இங்கேதான் என் பேங்க் புத்தி வேலை செய்கிறது. ஒரே வண்டியில் என்ஜின், மோட்டார், பேட்டரி மூன்றும் இருக்கின்றன. விலையும் கூட, பட்டறையில் கற்க வேண்டிய தொழிலும் இரண்டு. இப்படிப்பட்ட வண்டியை மாநகராட்சிகள் வாங்க வேண்டுமானால் மானியம் வேண்டும். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் 'ஃபேம்' திட்டம் ஹைப்ரிட் பஸ்ஸுக்கும் கை கொடுத்தது. 2019-ல் வந்த அதன் இரண்டாம் கட்டம், பஸ் விஷயத்தில் முழு மின்சாரத்துக்கு மாறிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளாட்சிகள் மின்சார பஸ்ஸை வாடகைக்கு எடுத்தால் வரியே இல்லை என்றும் ஆனது. கணக்கு தெரிந்த எந்த அதிகாரி அதற்குப் பிறகு ஹைப்ரிட் வாங்கக் கையெழுத்துப் போடுவார்?

அந்த 'வாடகை' என்ற சொல்லில்தான் பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. பஸ் தனியார் கம்பெனியுடையது, டிரைவரும் அவர்கள் ஆள். மாநகராட்சி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும். முதல் போட வேண்டாம், பேட்டரி கெட்டாலும் கவலை இல்லை. கடன் மனுவாக என் மேஜைக்கு வந்தால் நானும் முதல் பார்வையில் தலையாட்டுவேன். ஆனால் டிக்கெட் வசூல் அந்தச் செலவுக்குக் காணாது. மும்பையில் 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதை 10 ரூபாய் ஆக்கியது 2025 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் 2022-ல் மினி பஸ் ஓட்டிய ஒரு ஒப்பந்தக்காரர் விலகிப் போனார். 2023 ஆகஸ்டில் ஒப்பந்த டிரைவர்கள் சம்பள உயர்வு கேட்டு ஏறக்குறைய ஒரு வாரம் வண்டியை நிறுத்தினார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஸ்டாப்பில் காத்துக்கிடந்தார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருப்பவனுக்கு அது ஒரு செய்தி. இல்லாதவனுக்கு அன்றைய கூலியே போச்சு.

மின்சார பஸ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டீசல் புகையைப் பின்னால் நின்று குடித்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் டிராம் போனதும், ஹைப்ரிட் வந்த வேகத்தில் ஓரம் கட்டப்பட்டதும் காட்டுவது ஒன்றுதான். எந்த வண்டி ஓடும் என்பதை மெஷின் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் பணம் போடுகிறார்கள், எத்தனை வருஷம் போடுவார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

ஆகவே மக்களே, அடுத்த முறை பஸ் ஏறும்போது புகைக்குழாயைத் தேடுங்கள், பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள். அப்படியே பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் சொந்தக்காரர் பெயரையும் படித்துவிடுங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத விளையாட்டு!