ஆஸ்துமாவும் ஒரு எகிப்தியச் செடியும்

ஆஸ்துமா வந்தவர்களுக்குத்தான் ஒரு மூச்சின் அருமை தெரியும். அந்த நோய்க்கான ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பதற்காக, வேண்டுமென்றே தனக்கு ஆஸ்துமாவை வரவழைத்துக்கொண்டார் ஒரு மருத்துவர். அவர் பெயர் ரோஜர் அல்தூன்யன்.

இந்தக் கதை எகிப்தில் ஆரம்பிக்கிறது. அங்கு வளரும் 'கெல்லா' என்ற செடி, நமது சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதைகளைச் சிறுநீரகக் கல்லுக்கு மருந்தாக எகிப்திய மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அந்த விதைகளில் இருக்கும் முக்கியமான பொருள் 'கெல்லின்'. இறுகிய தசைகளைத் தளர்த்தும் குணம் இதற்கு உண்டு. 1940களில் கெய்ரோவில் அன்ரெப் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். இருதய வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் இது கொடுத்துப் பார்க்கப்பட்டது. ஆனால் குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் இருந்தன.

1950களில் இங்கிலாந்தின் பெங்கர் ஆய்வகம், கெல்லினை மாதிரியாக வைத்துப் புதிய ரசாயனங்களைத் தயாரிக்க முயன்றது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்தான் அல்தூன்யன். 1922ல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சியாளராக இருந்தவர். அவரே ஒரு ஆஸ்துமா நோயாளி!

புதிய ரசாயனங்களின் பலன் விலங்குச் சோதனைகளில் சரியாகத் தெரியவில்லை. எனவே அல்தூன்யன் தன் உடம்பையே சோதனைக்கூடமாக மாற்றினார். கினிப்பன்றியின் முடி அவருக்கு ஒவ்வாமை தரும். அதிலிருந்து எடுத்த சாற்றை மூச்சில் இழுப்பார். மூச்சுத் திணறல் வரும். புதிய மருந்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் திணறல் குறைகிறதா என்று அளந்து பார்ப்பார். ஒன்றிரண்டு முறை அல்ல, சுமார் 8 ஆண்டுகள் நூற்றுக்கணக்கான முறை இப்படிச் செய்தார். 1965ல் பலன் கிடைத்தது. அந்த மருந்துதான் சோடியம் குரோமோகிளைகேட்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, தூசி போன்ற சாதாரணப் பொருளைக்கூடச் சிலசமயம் எதிரியாக நினைத்துவிடுகிறது. அப்போது மூச்சுக்குழாயில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களைக் கொட்டுகின்றன. குழாய் வீங்கிச் சுருங்குகிறது. குரோமோகிளைகேட் அந்தச் செல்கள் வெடிக்காமல் தடுக்கிறது. ஆகவே இது வருமுன் காக்கும் மருந்து. திணறல் வந்த பிறகு எடுத்தால் பயனில்லை.

மாத்திரையாக விழுங்கினால் இது உடம்பில் சரியாகச் சேராது. பொடியாக இழுக்கத்தான் வேண்டும். அதற்கும் அல்தூன்யனே ஒரு கருவி செய்தார். விமானத்தின் முன்பகுதியில் சுழலும் விசிறியைப் போல ஒரு சின்ன விசிறி, மூச்சை இழுத்ததும் சுழன்று பொடியைத் தூவும். 'ஸ்பின்ஹேலர்' என்று அதற்குப் பெயர். 1968ல் ஃபைசன்ஸ் நிறுவனம் 'இன்டால்' என்ற பெயரில் இந்த மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அல்தூன்யன் 1987ல் காலமானார். பிற்காலத்தில் ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் வந்து ஆஸ்துமா சிகிச்சையில் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் ஒவ்வாமையால் கண் அரிப்பவர்களுக்கு இன்றும் இது சொட்டு மருந்தாகப் பயன்படுகிறது.

செடியில் இருந்தது ஒரு குறிப்பு மட்டும்தான். அதை மருந்தாக மாற்றியது, மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவதற்காகத் தானாகவே மூச்சுத் திணறிய ஒரு மனிதரின் பொறுமை!