சாம்பல் எங்கே போச்சு?

இந்த எபிசோட் ஒரு பாக்கெட் சாம்பலைப் பத்தினது.

ஆன்லைன்ல மரச்சாம்பலை அழகான காகிதப் பையில போட்டு, "இயற்கைப் பாத்திரத் தூள்"னு விக்கிறாங்க. பக்கத்துலயே உமிக்கரிப் பல்பொடி, தேங்காய் நார், மூங்கில் முறம், காகிதக் கூழ்ல செஞ்ச கூடை. கீழ வர்ற கருத்து எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்: அந்தக் காலத்துல எவ்வளவு சிம்பிளா வாழ்ந்திருக்காங்க! அந்தப் பக்கத்தை என் அம்மாச்சிகிட்ட காட்டினேன். அவங்க சிரிக்கக்கூட இல்லை. "விறகு யாரு பொறுக்குனதாம்?"னு கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாங்க.

சரியான கேள்வி. ஏன்னா சாம்பலை யாரும் தயாரிக்கிறதில்லை. அது மிஞ்சுறது. ஒரு வேலை முடிஞ்சா இன்னொரு வேலைக்குக் கிடைக்கிற மிச்சம். நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்க தொழில்ல இதை டிபெண்டன்சின்னு சொல்லுவோம். ஒரு நிரல் இன்னொண்ணை நம்பி நிக்கும், அது வேறொண்ணை நம்பி நிக்கும். அடியில ஒண்ணை உருவினா எங்கேயோ ஒரு மூலையில வேற ஏதோ விழும். பழைய வீட்டு வேலைகளோட வரலாறும் எனக்கு அப்படித்தான் தெரியுது.

முதல்ல சாம்பல் ஏன் வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். மரச்சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட் இருக்கு. தண்ணி பட்டா அது காரமாகும். பாத்திரத்துல ஒட்டியிருக்கிற எண்ணெயோட சேர்ந்து கொஞ்சூண்டு சோப்பாவே மாறும். மிச்சம் இருக்கிற நைசான தூள் கறையைச் சுரண்டும். ஆக, சோப்பும் உப்புத்தாளும் ஒரே பிடியில. காரத்துக்கு ஆங்கிலத்துல சொல்ற ஆல்கலிங்கிற வார்த்தையே, செடியை எரிச்ச சாம்பலுக்கான அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பித்தளைக்கும் செம்புக்கும் மட்டும் இது போதாது. அங்க இருக்கிறது பிசுக்கு இல்லை, களிம்பு. அதுக்கு அமிலம் வேணும். அதனாலதான் புளி. எது எதுக்குன்னு யாரும் வேதியியல் புத்தகம் பார்த்துப் பிரிக்கலை, ஆனா பிரிப்பு கச்சிதம்.

பாத்திரத்தோட சாம்பல் நிக்கலை. பயறுல வண்டு விழாம இருக்கக் கலந்து வச்சாங்க. அவரைக் கொடியில அசுவினி வந்தா தூவினாங்க. விறகடுப்பை நாம சமையல் கருவின்னு மட்டும் நினைக்கிறோம். உண்மையில அது ஒரு சின்னக் கிடங்கு. காலையில அடுப்பை வழிக்கிறதே அன்னைக்குத் தேவையான சரக்கை எடுக்கிற வேலை.

அடுத்த சங்கிலி நெல். இதுலதான் எனக்கு உண்மையான சுவாரசியம். உரல்ல நெல்லைக் குத்தினா முதல் சுற்றுல உமி கழலும். முறத்துல புடைச்சு உமியைத் தனியா ஒதுக்கணும். அப்புறம் அரிசியை மறுபடி போட்டுத் தீட்டணும். அப்ப வர்றது தவிடு. உடைஞ்சது நொய், அது கஞ்சிக்கு. புடைக்கிறது, கொழிக்கிறது, தெள்ளுறதுன்னு முறத்தோட ஒவ்வொரு அசைவுக்கும் தமிழ்ல தனித்தனி வினைச்சொல் இருக்கு. ஒரு வேலைக்கு இத்தனை வினை இருந்தா, அதுக்குள்ள எவ்வளவு நேரம் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப மிச்சங்களைப் பின்தொடருங்க. உமியைக் குவிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கருக விட்டா உமிக்கரி. உப்பு சேர்த்தா பல்பொடி. தவிடு மாட்டுக்கு. மாட்டோட சாணம் தரை மெழுக, வாசல் தெளிக்க, வரட்டி தட்ட. வரட்டி அடுப்புக்கு. அடுப்பிலிருந்து மறுபடியும் சாம்பல். வட்டம் மூடிடுச்சு பாத்தீங்களா?

இந்த வட்டத்தை முதல்ல அறுத்தது சோப்புக் கம்பெனி இல்லை, அரிசி மில்.

பிரேசிலைச் சேர்ந்த ஏங்கல்பெர்க்ங்கிறவர் கண்டுபிடிச்ச ஹல்லர் இயந்திரம், 19-ஆம் நூற்றாண்டோட கடைசியில அமெரிக்காவுல தயாராகி உலகமெல்லாம் போச்சு. நம்ம ஊர் சின்ன ரைஸ் மில்கள்ல ரொம்ப காலம் ஓடினது இந்த வகைதான். அதுல ஒரு விஷயம் கவனிக்கணும். அது உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்துல உரிச்சு, அரைச்சு, கலந்து தள்ளிடும். உமி தனியா வராது. அதாவது நெல்லை மில்லுக்கு அனுப்பின அன்னைக்கே வீட்டுப் பல்பொடிக்கான மூலப்பொருள் நின்னு போச்சு. யாரும் உமிக்கரி வேண்டாம்னு தீர்மானம் போடலை. ரோஸ் கலர் பல்பொடியும் அப்புறம் பேஸ்ட்டும் வந்து உட்கார்ந்த இடம் ஏற்கெனவே காலியாகிட்டிருந்த இடம். பின்னாடி வந்த நவீன மில்கள்ல உமி தனியாத்தான் வருது. ஆனா நெல் அவிக்கிற பாய்லருக்கே அது எரிபொருளாப் போயிடுது.

இடையில ஒண்ணு. உமிக்கரி பல்லுக்கு அமிர்தம்னு வர்ற வீடியோக்களை நம்பி தினமும் தேய்க்காதீங்க. உமியில சிலிக்கா நிறைய. அது சுரண்டுற பொருள். கறையோட எனாமலையும் சேர்த்துத்தான் சுரண்டும்.

மில்லை எதிர்த்தவங்களும் இருந்தாங்க, அவங்க காரணங்களும் லேசானது இல்லை. 1890-கள்ல ஜாவா தீவுல எய்க்மன்ங்கிற டச்சு மருத்துவர், தீட்டின அரிசி தின்ன கோழிகளுக்கு பெரிபெரி மாதிரி நோய் வர்றதைக் கவனிச்சார். தவிட்டோட போற சத்துதான் பிரச்சினைன்னு பிறகு புரிஞ்சது. 1929-ல அவருக்கு நோபல் பரிசு. (நெல்லை அவிச்சுப் புழுங்கலாக்கினா பி1 வைட்டமின் அரிசிக்குள்ளயே இறங்கிடும். இட்லிக்கு மட்டும் இல்லை, இதுக்கும் புழுங்கலரிசிக்கு ஒரு நன்றி.) தஞ்சாவூர்ல பிறந்து, லண்டன்ல கணக்காயர் படிப்பு முடிச்ச ஜே.சி. குமரப்பா, 1934-ல காந்தி தொடங்கின அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினவர். கைக்குத்தல் அரிசிக்காக அந்தச் சங்கம் விடாம பேசிச்சு. நெல் மில்லுக்குப் போனா சத்தும் போகுது, கிராமத்து வேலையும் போகுதுங்கிறது அவங்க வாதம். சுதந்திரத்துக்கு அப்புறம் 1958-ல அரிசி மில்களை ஒழுங்குபடுத்த மத்திய அரசு சட்டமே போட்டது. கைக்குத்தலைக் காப்பாத்துறதும் அதோட நோக்கங்கள்ல ஒண்ணு.

சட்டம் இருந்தும் மில்தான் ஜெயிச்சது. ஏன்? உலக்கையைத் தூக்குற கையோட கணக்குல பார்த்தா பதில் சுலபம். ஒரு உரலுக்கு ரெண்டு பேர் நின்னு மாத்தி மாத்திப் போடுவாங்களாம். "பாட்டு பாடிக்கிட்டே குத்துவீங்களா?"ன்னு ஆசையாக் கேட்டேன். "பாட்டுக்கு மூச்சு வேண்டாமா?"ன்னாங்க அம்மாச்சி. மில் வந்ததும் அவங்க கூடுதலா ஒரு மணி நேரம் தூங்கினாங்க. இதே மில்லால இன்னொரு பொம்பளைக்கு வேலை போச்சுங்கிறதையும் சொல்லணும். அடுத்தவங்க வீட்டு நெல்லைக் கூலிக்குக் குத்தி, கூலியா அரிசியும் நொய்யும் வாங்கிட்டுப் போன பெண்கள் இருந்தாங்க. மில் ஒரு வீட்டுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது, இன்னொரு வீட்டு உலையை அணைச்சது. கைக்குத்தல் அரிசியைப் பத்திப் பேசுறப்ப இந்த ரெண்டுல ஒருத்தரை மட்டும் பார்க்கிறது எனக்குச் சரியாப் படலை.

ரெண்டாவது அறுப்பு, கேஸ். 1965-ல கல்கத்தாவுல முதல் இண்டேன் இணைப்பு. ஆனா கேஸ் ரொம்ப மெதுவாத்தான் பரவிச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புலகூட நாட்டுல 49 சதவீதம் வீடுகள்ல விறகுதான். தமிழ்நாட்டுல 2006 தேர்தல் வாக்குறுதியா வந்த இலவச கேஸ் அடுப்புத் திட்டமும், 2016-ல வந்த உஜ்வலாவும் நிறைய வீட்டுக்கு முதல் சிலிண்டரைக் கொண்டுவந்தது. சிலிண்டர் உள்ளே வர, சாம்பல் வெளியே போச்சு. அப்ப பாத்திரம்? சபீனா மாதிரி பவுடர் பாக்கெட். அந்தத் துலக்குற பவுடர்கள் செஞ்சதும் கிட்டத்தட்ட சாம்பலோட வேலையைத்தான்: கொஞ்சம் காரம், கொஞ்சம் கரகரப்பு. இதுவரைக்கும் மிச்சமாக் கிடைச்சது இனிமே மாசச் சாமான் லிஸ்டுல ஒரு வரி.

புகையை நினைச்சா நான் கேஸ் பக்கம்தான் நிப்பேன். இதுல எனக்குக் குழப்பமே இல்லை.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருளுக்கு வர்றேன்: காகிதக் கூழ் கூடை. பழைய பேப்பரைக் கிழிச்சு ரெண்டு மூணு நாள் ஊற வைப்பாங்க. வெந்தயத்தையும் ஊற வச்சு, ரெண்டையும் ஆட்டுக்கல்ல போட்டு அரைப்பாங்க. ஒரு குடத்தையோ பானையையோ கவிழ்த்து வச்சு, அது மேல அப்பிக் காய விட்டு எடுத்தா கூடை. அதே கூழை மூங்கில் முறத்துல பூசினா சந்து அடைஞ்சிடும். மாவும் நொய்யும் ஒழுகாது. வெந்தயம் ஏன்னா, அதுல வழவழப்பான ஒரு பிசின் இருக்கு, இழையை இழையோட ஒட்ட வைக்கும். கசப்புக்குப் பூச்சியும் அண்டாதுன்னு சொல்லுவாங்க.

இதை எல்லாரும் "பாரம்பரியக் கைவினை"ன்னு சொல்றாங்க. சரி, எத்தனை வருஷப் பாரம்பரியம்? இதுக்கு வீட்டுல பழைய பேப்பர் குவிஞ்சிருக்கணும். சுதேசமித்திரன் நாளிதழானது 1899-ல. தினமணி 1934. தினத்தந்தி 1942. சாதாரண வீடுகள்ல வீணாக்கிற அளவுக்குப் பேப்பர் சேர்ந்தது அதுக்கெல்லாம் அப்புறம்தான் இருக்க முடியும். ஆக, நாம கைவினைன்னு கொண்டாடுற இந்தக் கூடைக்கு மூலப்பொருள் ஒரு தொழிற்சாலைப் பொருள். ரோட்டரி எந்திரத்துல அச்சடிச்ச நியூஸ்பிரின்ட். மண்ணெண்ணெய் வந்த தகர டின் தண்ணி மொண்டதும், ஹார்லிக்ஸ் பாட்டில் கடுகு டப்பா ஆனதும் இதே கதைதான். கடையில இருந்து வந்த மிச்சத்தையும் தன் வட்டத்துக்குள்ள இழுத்துப் போட்டுக்கிட்ட வீடு அது. சந்தையே தெரியாத தூய்மையான பாட்டி வீடுன்னு ஒண்ணு இருந்த மாதிரி எனக்குத் தோணலை.

இனி அந்த ஆன்லைன் பக்கத்துல வராத பகுதி.

இந்த வட்டம் வீட்டுக்குள்ளயே முடியலை. முறம் முடையறது ஒரு சாதி, துணி வெளுக்கிறது ஒரு சாதி. உவர்மண்ணுல துணியை நனைச்சு வெள்ளாவி வைக்கிறதும் சாம்பல் மாதிரியே காரத்தோட வேதியியல்தான். ஆனா அந்த அறிவுக்குக் கிடைச்ச கூலி வாசல்ல நின்னு வாங்கின சோறு. அடுப்புச் சாம்பலோட ஒரு பங்கு இன்னொரு இடத்துக்கும் போச்சு: கொல்லைப்புறத்து எடுப்புக் கக்கூஸ். மலத்து மேல சாம்பலைத் தூவி, தகரத்தால வழிச்சு, கூடையில அள்ளித் தலையில சுமந்தாங்க. சுமந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். அதைத் தடை செய்யற சட்டம் 1993-ல வந்தது. போதலைன்னு 2013-ல இன்னொண்ணு வந்தது. "அந்தக் காலத்துல எதையும் வீணாக்கலை"ன்னு சொல்றப்ப, அந்த வீணாக்காத வட்டத்தை யாரோட தலை மூடிக் கொடுத்ததுங்கிறதும் சேர்ந்துதான் வரலாறு.

வட்டம் அறுந்தப்ப வேலை குறைஞ்சதா? 1983-ல ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்ங்கிற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு இயந்திரம் வந்தப்ப காணாமப் போனது பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செஞ்ச வேலைதான்; விறகு பிளக்கிறது மாதிரி. அம்மாவோட வேலை அப்படியே நின்னது, சில விஷயத்துல கூடிச்சுங்கிறது அவரோட வாதம். நம்ம ஊருக்கு இது பாதிதான் பொருந்தும். இங்க விறகு பொறுக்கினதும் தண்ணி சுமந்ததும் பெரும்பாலும் பெண்களேதான். அதனால கேஸும் குழாயும் அவங்களுக்கு நிஜமாவே நேரம் கொடுத்தது. ஆனா வெளுக்கிற குடும்பத்துப் பிள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போனாங்க. போகவேண்டியதுதான். அப்ப அந்தத் துணிமூட்டை யார்கிட்ட வந்தது? சோப்புக்கட்டியோட சேர்ந்து வீட்டுப் பெண்கிட்ட. வாஷிங் மெஷின் வந்ததும், வாரத்துக்கு ஒருதடவை மாத்தின போர்வையை நினைச்சப்ப எல்லாம் மாத்தறோம்.

2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. ஆண் 97 நிமிஷம். அதுவும் அந்த வேலையில கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கிட்டா. அவங்க 26 சதவீதம். பெண்கள்ல 81 சதவீதம். உலக்கையும் இல்லை, சாம்பலும் இல்லை, அஞ்சு மணி நேரம் மட்டும் அப்படியே இருக்கு. என் தலைமுறை ஃப்ளாட்டுகள்ல அந்த அஞ்சு மணி நேரத்துல ஒரு துண்டை, வேலைக்கு வர்ற அக்காவுக்கு மாசச் சம்பளமாக் கொடுத்துக் கைமாத்திடறோம். அவங்க நம்ம வீட்டை முடிச்சுட்டுப் போய் தன் வீட்டுல திரும்பத் தொடங்குவாங்க.

அந்தச் சாம்பல் பாக்கெட்டை நான் வாங்கலை. காகிதக் கூழ் கூடை மட்டும் ஒண்ணு செய்யலாம்னு பேப்பரை ஊறப் போட்டிருக்கேன். அம்மாச்சி போன்ல மேற்பார்வை. அரைக்கிறதுக்கு மிக்சிதான், ஆட்டுக்கல் ஊர்ல கொல்லையில கவிழ்ந்து கிடக்கு.

உங்ககிட்ட ஒரு உதவி. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட மூணே கேள்வி கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. நெல்லை எந்த வருஷம் மில்லுக்கு அனுப்பத் தொடங்கினாங்க? முதல் சிலிண்டர் எப்ப வந்தது? அதுக்கு முன்னாடி அந்த வேலையையெல்லாம் செஞ்சது யாரு? மூணாவது கேள்விக்குப் பேரோட பதில் வந்தா ரொம்ப நல்லது.