சத்துணவு: சமைத்துப் போட்டவர்களின் கதை

சத்திரத்தில் துவாக்குடி பஸ் ஏறினால் காட்டூர் வரும். அதன் பக்கத்தில்தான் பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர். ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரிந்ததே போன வருடம்தான். (சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

சத்துணவு என்றால் சாப்பிட்ட பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். சமைத்தது யார்? மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர். இந்த வேலைகளில் விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். ஆதரவற்ற விதவைகளுக்கு மாத உதவித்தொகை 1975லேயே வந்துவிட்டது. ஆனால் அது உதவி, இது வேலை. எம்.ஜி.ஆரே அப்பாவை இழந்து, அம்மா சத்யபாமா கும்பகோணத்தில் கஷ்டப்பட்டு வளர்த்த பிள்ளைதானே!

அமெரிக்காவைப் பாருங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாய்மார்களுக்கு 1935 முதல் அரசுப் பணம் கிடைத்து வந்தது. 1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், "வேலைக்குப் போ" என்றது. மத்திய அரசுப் பணம் பொதுவாக வாழ்நாளில் மொத்தம் 5 வருடம்தான். சரி, வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? அங்கே பெரிய தலைவலியே அதுதான்.

இங்கே அந்தத் தலைவலி பாதி குறைந்தது. வேலை உள்ளூரிலேயே. பிள்ளைக்கு மதியச் சாப்பாடு பள்ளியில். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குத் தனி மையம். யாரும் இதைப் பெரிய சீர்திருத்தம் என்று பெயர் வைத்துக் கொண்டாடவில்லை...

இடிக்கிற இடம் சம்பளம். காமர்ஸ்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். கொடுத்தது தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரு தொகை, அவ்வளவுதான். பகுதிநேர வேலை என்று காரணம் சொன்னார்கள். பிற்பாடு சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தாலும், மற்ற அரசு ஊழியர்களுக்குள்ள முழு ஊதியமும் பென்ஷனும் கேட்டு இவர்கள் வருடக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். விதவைக்கு இதுவே பெரிது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அத்தை, சமையலராக இருந்தே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். ஓய்வு பெறும்போது, "தம்பி, நீ காமர்ஸ்தானே, எனக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுச் சொல்லுப்பா" என்றார். காகிதம் பேனாவோடு உட்கார்ந்தேன். சர்வீஸ் எத்தனை வருடம் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து வருடம் பார்த்தவருக்கும் முப்பது வருடம் பார்த்தவருக்கும் ஒரே தொகைதான்.