கள்ளிப்புறாவுக்குத் துருக்கிப் பெயர்

தூத்துக்குடியில் புறா என்றால் பலருக்கும் பழைய கிட்டங்கிகளில் அடையும் மாடப்புறாதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது வேறு. ஊரைத் தாண்டி உப்பளமும் உடைமரமுமாகக் கிடக்கும் பக்கம் போனால், மின்கம்பியில் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். வெளிறிய சாம்பல் உடம்பு, சிவந்த கண், பின்கழுத்தில் மட்டும் மையால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. அதுதான் கள்ளிப்புறா. கழுத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது மணிப்புறா. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் இதைத் 'தூர்த்தெரெல் துர்க்', அதாவது துருக்கிப் புறா என்கிறார்கள். ஐரோப்பியருக்கு அது அந்தப் பக்கமிருந்து வந்த பறவை. பூர்வீகம் என்று பார்த்தால் நம் இந்தியாவும் அதை ஒட்டிய ஆசிய நாடுகளும்தான்.

1838-ல் ஹங்கேரியின் இம்ரே ஃப்ரிவால்ட்ஸ்கி இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பறவை கிடைத்த இடம் இன்றைய பல்கேரியா. அன்று அது துருக்கி சுல்தானின் ஆட்சிக்குள் இருந்தது. அவர் வைத்த பெயர் 'டெகாஒக்டோ'. கிரேக்க மொழியில் அதற்குப் பதினெட்டு என்று பொருள். ஒரு வேலைக்காரப் பெண் வருடம் முழுக்க உழைத்ததற்கு எஜமானி கொடுத்தது பதினெட்டுக் காசு. இந்த அநியாயத்தை ஊரறியச் செய்யும்படி அவள் வேண்டிக்கொள்ள, தெய்வம் ஒரு புறாவைப் படைத்து, 'டெகாஒக்டோ' என்று ஓயாமல் கூவ விட்டதாம். சம்பளப் பட்டியல் எழுதியே காலம் கழித்த எனக்கு, கூலிக் குறையை உலகம் முழுவதும் வழங்கும் பெயராக்கிவிட்ட இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நம் காதில் விழுவது 'க-கூஉ-கு', நடுவில் அழுத்தம்.

1900 வாக்கில் ஐரோப்பாவில் பால்கன் பகுதியோடு நின்றிருந்த பறவை இது. 1930களில் ஹங்கேரிக்குள் வந்தது. 1950களில் பிரான்சு, 1955-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் கூடு கட்டியது. 1974-ல் பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து வெளியேறிய சில பறவைகள் பெருகி, 1980களில் புளோரிடாவைப் பிடித்து, பிறகு அமெரிக்கா நெடுகப் பரவின. நம் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அதே 1974-ல்தான்.

எப்படி முடிந்தது? சிட்டுக்குருவி போன்றவை தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு தேட வேண்டும். புறாவுக்கு அந்த அலைச்சல் இல்லை. ஆணும் பெண்ணும் தொண்டைப் பையில் ஊறும் பாலையே ஊட்டும். ஆலையிலும் துறைமுகத்திலும் கோழிப்பண்ணையிலும் சிந்தும் தானியம் போதும். கூடோ நாலு குச்சி. கீழே நின்றால் வெள்ளை முட்டை இரண்டும் தெரியும். இவ்வளவு அலட்சியமான கொத்தனாரை வேறெங்கும் காணமுடியாது. ஆனால் வருடத்துக்கு மூன்று நான்கு முறை முட்டையிடும்.

மனிதர் சிந்துவதை நம்பாமல், வயல்களின் களைவிதையை நம்பிய ஐரோப்பியக் காட்டுப்புறாவின் கதை வேறு. குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பும் அந்தப் பறவை, களைக்கொல்லியாலும் வேட்டையாலும் குறைந்துகொண்டே வந்து, 2015-ல் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

நம் பக்கம் புறாவுக்குக் கேடில்லை, பெயருக்குத்தான். கள்ளி வேலிகள் போய்க் கம்பி வேலியும் மனைக்கல்லும் வந்துவிட்டன. புறா சீமைக்கருவேலில் கூடு கட்டுகிறது. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல்; ஆனாலும் ஊர் முத்துநகர், ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். முத்துக்கு ரயில் இருக்கிறது, கள்ளிக்கு இந்தப் புறா மட்டும். இளசுகளோ எல்லாவற்றையும் வெறும் 'புறா' என்கிறார்கள். ஓட்டப்பிடாரம், சாத்தான்குளம் பக்கம் இதற்கு வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள், குறித்துவைக்கிறேன்.