எஞ்சிய வீடும் எஞ்சாத வீடும்: அமெரிக்கச் சமவெளிக் கவுண்டிகளின் குடியேற்ற வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கல்வெட்டும் பட்டயமும் பிற்காலத்தார் அறியவேண்டும் என்ற எண்ணத்துடன் பொறிக்கப்படுவன. வீடு அவ்வாறு எழுவதன்று. குளிருக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக எழுவது. ஆதலால் வீடு பொய்ச்சான்று கூறாது என்று கருதும் ஆய்வாளர் உளர். இக்கருத்தை முற்றாக ஏற்றுக்கொள்வதற்கில்லை. வீடு பொய் கூறாதிருக்கலாம். ஆனால் எவருடைய வீடு எஞ்சி நிற்கின்றது, எவருடைய வீடு மண்ணோடு மண்ணாகின்றது என்பது தற்செயலாக நிகழ்வதன்று. நிலவுடைமையின் வரலாறே அதனைத் தீர்மானிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நடுச் சமவெளியில், நெப்ராஸ்கா, கன்சாஸ் ஆகிய மாநிலங்களின் சில நாட்டுப்புறக் கவுண்டிகளை எடுத்துக்கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவான ஒரு நிர்வாக அலகு. அதன் தலைநகரில் ஒரு நீதிமன்றக் கட்டடம் இருக்கும்; காணி உறுதிகளின் பதிவேடு பெரும்பாலும் அங்கேயே பேணப்படும். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் அந்நாட்டில் உள. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இவற்றிற் பல, மக்கள் குடியேறி ஊர் அமைத்த பின் எல்லை வகுக்கப்பட்டவை அல்ல. நில அளவையாளர் கோடு கீறிய பின்னரே மக்கள் வந்தனர். 1785ஆம் ஆண்டின் நிலக் கட்டளைச்சட்டம் ஆறு மைல் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாக வகுத்தது. குன்றோ ஓடையோ அக்கோடுகளைத் தடுக்கவில்லை. இச்சதுரத்தின் விளைவு வீட்டமைப்பிலும் தெரிகின்றது. ஐரோப்பிய உழவன் ஊரில் வாழ்ந்து வயலுக்குச் சென்றான். சமவெளி உழவனோ அயலவன் வீட்டுப் புகை தெரியாத் தொலைவில், தன் சதுரத்தின் நடுவே தனித்து வாழ்ந்தான்.

அவ்வாறு அவனைத் தனித்து வாழச் செய்ததில் இன்னொரு சட்டத்துக்கும் பங்குண்டு. 1862ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியிருப்புக் காணிச் சட்டம், குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ உள்ள எவருக்கும் 160 ஏக்கர் அரச நிலத்தைச் சிறு கட்டணத்துடன் வழங்க முன்வந்தது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் விண்ணப்பிக்கலாம். கணவனுடன் வாழும் பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. ஐந்தாண்டு அந்நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டதைச் சாட்சிகள் இருவரைக் கொண்டு நிறுவினாலே உறுதி கிடைக்கும். இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது, வீடு ஒரு சட்டச் சான்றாக மாறிய விதமாகும். காணியில் வீடு இல்லையேல் காணியும் இல்லை. 12க்கு 14 என்ற அளவில் வீடு கட்டியதாக உறுதிகூறிவிட்டு, அடிக்குப் பதில் அங்குலக் கணக்கில் பொம்மை வீடு ஒன்றை வைத்தவர்களைப் பற்றியும், சில்லுப் பூட்டிய வீட்டைக் காணிக்குக் காணி இழுத்துச் சென்றவர்களைப் பற்றியும் இன்றுவரை கதைகள் வழங்குகின்றன. மிகையாயினும் இக்கதைகள் சட்டத்தின் தன்மையைச் செவ்வனே புலப்படுத்துகின்றன.

இச்சட்டத்தின் வழி ஏறத்தாழ 16 இலட்சம் பேர், 27 கோடி ஏக்கர் நிலத்துக்கு உறுதி பெற்றனர். நெப்ராஸ்காவின் நிலத்தில் 45 வீதமளவு இவ்வாறு பங்கிடப்பட்டது. ஆனால் அதே காலப்பகுதியில் புகையிரதக் கம்பனிகளுக்கு மத்திய அரசு வழங்கிய நிலம் 13 கோடி ஏக்கர் ஆகும். உழவனுக்கு 160 ஏக்கர். கம்பனிக்கு இலட்சக்கணக்கான ஏக்கர். 'இலவச நிலம்' என்ற முழக்கத்தை இவ்விரண்டையும் ஒருசேர வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

நெப்ராஸ்காவின் நடுவே உள்ள கஸ்டர் கவுண்டி 1877இல் அமைக்கப்பட்டது. முந்திய ஆண்டில் பூர்வகுடிகளுடன் நிகழ்ந்த லிட்டில் பிக்ஹோர்ன் போரில் மாண்ட படைத்தலைவனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அங்கு வந்த குடியேற்றவாசிக்கு நிலம் இருந்தது, மரம் இல்லை. ஆற்றோரங்களில் நின்ற சில மரங்களும் வேலிக்கும் விறகுக்கும் போதவில்லை. ஆகவே அவன் நிலத்தையே வெட்டி வீடு கட்டினான். புல்வேர்கள் பின்னிப் பிணைந்த மேல்மண்ணைத் தனிவகைக் கலப்பையால் ஓரடி அகலமும் சில அங்குலத் தடிப்பும் உள்ள நீண்ட பட்டைகளாக உரித்து, மண்வெட்டியால் துண்டித்து, புற்பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கினான். சுவர் இரண்டு மூன்றடித் தடிப்புடையதாதலின் கோடையில் குளிர்ச்சியும் மாரியில் வெதுவெதுப்பும் இருந்தன. கூரையிலும் புற்கட்டியே. மழை ஒருநாள் பெய்தால் வீட்டினுள் மூன்று நாள் ஒழுகும் என்பர். கூரையிலிருந்து மண்ணும் பாம்பும் விழாதிருக்க உட்பக்கத்தில் துணி கட்டுவதுண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியவை கதவும் சாளரமுமே.

இவ்வீடுகளை நாம் இன்று அறிவதற்குக் காரணமானவர் சொலமன் புச்சர் என்ற புகைப்படக்காரர். 1886இல் தொடங்கிக் குதிரை வண்டியில் கவுண்டியைச் சுற்றி வந்து அவர் எடுத்த படங்களே சமவெளி வாழ்வின் தலையாய ஆவணங்கள். அவற்றின் அடிப்படையில் கஸ்டர் கவுண்டியின் வரலாறொன்றை 1901இல் வெளியிட்டார். படங்களில் குடும்பத்தினர் வீட்டினுள் இல்லை. வீட்டின் முன் வரிசையாக நிற்கின்றனர். குதிரை, பசு, உழுகருவி, தையல் இயந்திரம் ஆகிய உடைமைகள் யாவும் வெளியே கொண்டுவந்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு பெண்மணி, தான் மண்வீட்டில் வாழ்வதைக் கிழக்கிலுள்ள உறவினர் அறியலாகாது என்று கருதி, வீடு படத்தில் விழாதவாறு தம் ஓர்கன் வாத்தியத்தை முற்றத்துக்குச் சுமப்பித்து அதனருகே நின்று படமெடுத்துக் கொண்டார். வீடு சொல்லும் சான்றை வீட்டுக்காரரே மறைக்க விரும்பிய இடம் இது. புச்சரும் பழுதான படங்களில் கைவேலை செய்தவர்; பழைய மோதல்களைப் பிற்காலத்தில் நடித்துக் காட்டச் செய்தும் படமெடுத்தவர். அவருடைய படங்களைப் பயன்படுத்துவோர் இதனையும் நினைவிற் கொள்ளல் நன்று.

அம்மோதல்கள் கற்பனையல்ல. திறந்த வெளியில் மந்தை மேய்த்த பெரும் பண்ணையாளருக்கும் வேலியிட்டு உழுத குடியேற்றவாசிகளுக்கும் இடையே பகை முற்றியது. 1878 டிசம்பரில் மிச்சல், கெற்சம் என்ற இரு குடியேற்றவாசிகள் தூக்கிலிடப்பட்டு எரியூட்டப்பட்டனர். அதற்காக 1879இல் ஆயுட்சிறைத் தண்டனை பெற்ற பண்ணை அதிபர் பிரின்ற் ஒலிவ், வழக்கு உரிய கவுண்டியில் விசாரிக்கப்படவில்லை என்ற காரணத்தால் அடுத்த ஆண்டே விடுதலையானார். அத்தகைய பகைக்கும், பின்னர் 1890, 1894ஆம் ஆண்டுகளின் கொடும் வரட்சிக்கும், புகையிரதக் கட்டணத்துக்கும் அடகுக் கடனுக்கும் இடையிலேயே அந்த மண்வீடுகளில் வாழ்வு நடந்தது. 1890இல் கஸ்டர் கவுண்டியின் ஒமர் கெம் என்பார் விவசாயிகளின் வாக்குகளால் கொங்கிரசுக்குத் தெரிவானபோது, புற்கட்டி வீட்டிலிருந்து வந்த உறுப்பினர் என்றே அறியப்பட்டார். 1892இல் ஒமாஹாவில் கூடிப் புகையிரதங்களை அரசுடைமையாக்கக் கோரிய மக்கள் கட்சியின் வேர் இத்தகைய மண்ணிலேயே இருந்தது.

1886இல் புகையிரதம் வந்தது. அதனோடு மிச்சிக்கன், விஸ்கொன்சின் காடுகளில் வெட்டப்பட்டுச் சிக்காகோ வழியாக வந்த பைன் பலகையும் வந்தது. கையில் காசுள்ளவன் பலகை வீடு கட்டினான். மண்வீடு கோழிக்கூடாயிற்று, பின் வயலோடு கலந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஓமொன்ற் என்பார் புரோக்கன் போ நகருக்கு வடக்கே 1880களில் எழுப்பிய இருமாடிப் புற்கட்டி வீடு எண்பதாண்டளவு நின்று 1967இல் இடிக்கப்பட்டது. இன்று அக்கவுண்டியில் குறிப்பிடத்தக்கதாய் எஞ்சியிருப்பது கொம்ஸ்ரொக் என்ற சிற்றூரின் அருகே 1900இல் கட்டப்பட்ட டவுஸ் குடும்பத்தின் வீடு. 1959வரை அதில் மக்கள் வாழ்ந்தனர். பின்னர் திருத்தப்பட்டு நூதனசாலையாயிற்று. அது நின்றதற்குக் காரணம் மண்ணின் உறுதி மட்டுமன்று. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பம் அதனை விட்டகலாது சுவரையும் கூரையையும் பேணியமை முதன்மையான காரணமாகும். வரட்சியிலும் கடனிலும் காணியை இழந்து சென்றோரின் வீட்டுக்கு அவ்வாய்ப்பு ஏது?

ஆயினும் அச்சமவெளியில் மண்ணால் மனையமைத்த முதல் மக்கள் குடியேற்றவாசிகள் அல்லர். லூப், பிளாற், ரிப்பப்ளிக்கன் ஆறுகளின் கரையில் பவ்னி மக்கள் நூற்றாண்டுகளாக வட்டவடிவ மண்மனைகளில் வாழ்ந்தனர். நடுவே பருத்த தூண்களை நாட்டி, வளைகளைச் சாய்த்து, வில்லோக் கொம்புகளும் புல்லும் பரப்பி, அதன்மேல் மண்ணை அப்பி அமைத்த அம்மனை ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் கூடி வாழ்ந்தன. வாயில் கிழக்கு நோக்கியது. எதிரே மேற்குப் பக்கத்தில் வழிபாட்டு மேடை. உச்சித் துவாரத்தின் வழியே விண்மீன்களை அவதானித்தனர். சோளம் விளைவித்தவர்களும் மனை அமைப்பதிற் பெரும்பங்கு கொண்டவர்களும் பெண்களே. அதாவது, 'வீடமைத்துப் பயிரிடுவோருக்கே நிலம்' என்ற சட்டத்தின் இரு நிபந்தனைகளையும் சட்டம் பிறக்குமுன்பே நிறைவேற்றியவர்கள் பவ்னி மக்கள். அவர்களுக்கு உறுதி கிடைக்கவில்லை. 1833, 1848, 1857 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் நிலத்தை இழந்து, லூப் ஆற்றங்கரையில் ஓர் ஒதுக்குநிலத்தில் ஒடுங்கினர். 1873க்கும் 1875க்கும் இடையில் அதனையும் விட்டுத் தெற்கே இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்ந்தனர். புறப்பட்டபோது ஈராயிரத்துக்கு மேற்பட்டோராயிருந்த அவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 650 பேரளவாகக் குறைந்தனர். ஒதுக்குநிலம் 1879இல் நான்ஸ் கவுண்டி ஆயிற்று.

அவர்களுடைய மனை ஒன்றேனும் நிற்கவில்லை. கன்சாஸ் மாநிலத்தின் ரிப்பப்ளிக் கவுண்டியில், 1820ஆம் ஆண்டளவில் இருந்த பவ்னி ஊரொன்றின் நிலத்தில், ஒரு மனையின் தளம் மட்டும் பேணப்பட்டுள்ளது. அது பேணப்பட்ட கதை சுவையானது. 1806இல் செபுலன் பைக் என்ற படையதிகாரி பவ்னி ஊரொன்றுக்குச் சென்று ஸ்பானியக் கொடியை இறக்குவித்து அமெரிக்கக் கொடியை ஏற்றுவித்தார். அந்நிகழ்ச்சி இவ்விடத்திலேயே நிகழ்ந்தது என்று நம்பி நிலத்தை வாங்கி அரசுக்கு வழங்கினர். 1901இல் நினைவுத்தூணும் எழுந்தது. பின்னர் நடந்த அகழ்வுகள், பைக் சென்ற ஊர் எல்லைக்கப்பால் நெப்ராஸ்காவின் வெப்ஸ்டர் கவுண்டியில் இருந்ததெனக் காட்டின. கொடிக்காகக் காத்த நிலம் கொடியேறாத நிலமாயிற்று. ஆயினும் உழவுக்குத் தப்பியிருந்தமையால் மனையின் தளம் எஞ்சியது. அதன்மேல் 1967இல் நூதனசாலை திறக்கப்பட்டது. ஓமொன்ற் வீடு இடிக்கப்பட்ட ஆண்டும் அதுவே.

அதே கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் கிரகாம் கவுண்டியிலுள்ள நிக்கொடேமஸ் என்னும் ஊர் மூன்றாவதொரு வரலாற்றைக் கூறுகின்றது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கென்டக்கி மாநிலக் கறுப்பின மக்கள், சொந்தக் காணி என்ற நம்பிக்கையில் 1877இல் இங்கு வந்தனர். விளம்பரத் தாளில் ஊர் இருந்தது. நேரில் வந்தபோது புல்வெளியே இருந்தது. புகை நிலத்திலிருந்து எழுவதைக் கண்டு, அதுவே ஊர் என அறிந்து அழுததாக ஒரு பெண்மணி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மேட்டைக் குடைந்து அமைத்த நிலவறைகளே அவர்களின் வீடுகள். அறுபது குடும்பங்களளவு திரும்பிச் சென்றன. முதல் மாரியில் அவ்வழி வந்த ஓசேஜ் பூர்வகுடிகள் தம் வேட்டை இறைச்சியைப் பகிர்ந்தளித்தமையாலேயே பலர் உயிர் பிழைத்தனர். நிலமிழந்தவரும் நிலம் தேடி வந்தவரும் ஒருவரையொருவர் சந்தித்த அந்த மாரிக்காலத்துக்கு நினைவுத்தூண் எழுப்புவார் இல்லை.

ஊர் வளர்ந்தது, கடைகளும் செய்தித்தாள்களும் தோன்றின, ஊரவரான எட்வேட் மக்கேப் 1882இல் மாநிலக் கணக்காய்வாளராகத் தெரிவானார். 1888இல் புகையிரதப் பாதை ஆற்றுக்குத் தெற்கே சில மைல் விலகிச் சென்றதும் வணிகர் தம் கடைகளோடு பாதையை நாடிப் பெயர்ந்தனர். எஞ்சியோர் உழவைக் கைவிடவில்லை. 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டபோது ஐந்து கட்டடங்கள் குறிக்கப்பட்டன: இரு தேவாலயங்கள், ஒரு பள்ளி, ஊர் மண்டபம், ஒரு விடுதி. கூட்டுழைப்பில் எழுந்தவையே பெரும்பாலும் எஞ்சின. விடுதி ஒரு குடும்பத்தின் வாழ்மனையாகவும் இருந்தமையால் அது மட்டுமே வீடு என்ற வகையில் அடங்கும். முதல் மாரியைக் கண்ட நிலவறைகளுள் ஒன்றும் இன்று நிற்கவில்லை; தரையிற் காணும் பள்ளங்களைக் கொண்டே ஆய்வாளர் அவற்றை இனங்காண்கின்றனர்.

1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பேணுகைச் சட்டத்தால் உருவான தேசியப் பதிவேடு, கட்டடம் பொதுவாக ஐம்பதாண்டுப் பழமையும் தன் மூலவடிவின் முழுமையும் உடையதாதல் வேண்டும் என எதிர்பார்க்கின்றது. அகழ்தலங்களுக்கும் அதில் இடமுண்டு என்பது உண்மையே. நடைமுறையிலோ கவுண்டிதோறும் பட்டியலை நிறைப்பவற்றுள் நீதிமன்றக் கட்டடமும் வங்கியும் வணிகரின் மாளிகையும் முன்நிற்கின்றன. வறியவன் தன் வீட்டை ஒட்டியும் வெட்டியும் இடம்பெயர்த்தும் வாழ்பவன். முழுமை என்ற அளவுகோல் அவன் வீட்டைப் பெரும்பாலும் தள்ளிவிடும். இதனால் நிற்கும் வீடுகளைக் கணக்கிட்டுக் குடியேற்ற வரலாறு எழுதும் முறைக்கு மத்திய அரசின் காணிப் பதிவேடு இன்றியமையாத எதிர்ச்சான்றாகின்றது. உறுதி பெறுவதற்காகக் குடியேற்றவாசி அளித்த சான்றுப் பத்திரங்களில் வீட்டின் நீள அகலம், கதவு, சாளரம், கிணறு, உழுத ஏக்கர் ஆகியன சாட்சிகளின் ஒப்பத்துடன் பதிவாகியுள்ளன. இடையிற் கைவிட்டுச் சென்றோரின் கோவைகளும் அவற்றோடு உள்ளன. இடிந்துபோன வீடுகளைத் தேடுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் அது.